மேடேறி இறங்கும் பெட்ரோல்

ஏரிக்கு நடுவே போய்க்கொண்டிருந்த மோட்டார் படகு நின்றுவிட்டது. டேங்கில் பெட்ரோல் தீர்ந்துவிட்டது. ஆனால் கவலையில்லை, ஒரு கேன் நிறைய பெட்ரோல் படகிலேயே இருக்கிறது. எடுத்து ஊற்ற வேண்டியதுதானே என்று தோன்றும். 20 லிட்டர் பெட்ரோல் கிட்டத்தட்ட 15 கிலோ எடை. ஆடுகிற படகில் நின்றுகொண்டு அதைத் தூக்கி, டேங்கின் சின்ன வாய்க்குள் சிந்தாமல் சரிக்க யாரால் முடியும்?

அதற்குத்தான் ஒரு டியூப் இருக்கிறது. கேனை மேலே வைத்து, டேங்கைக் கீழே வைத்து, டியூபின் ஒரு முனையைக் கேனுக்குள்ளும் மறுமுனையை டேங்குக்குள்ளும் விட வேண்டும். ஒருமுறை ஓடத் தொடங்கிவிட்டால் போதும். பெட்ரோல் கேனின் விளிம்புவரை மேலே ஏறி, வளைந்து, கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை. இதுதான் சைஃபன்.

கீழ்நோக்கித்தானே திரவம் ஓடும், இது எப்படி மேடேறுகிறது? பெட்ரோலை விட்டுவிட்டு வீட்டில் தண்ணீரில் செய்து பாருங்கள். மேசைமேல் ஒரு பாத்திரம் நிறையத் தண்ணீர், தரையில் ஒரு காலிப் பாத்திரம், ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டியூப். டியூப் முழுவதையும் தண்ணீருக்குள் அமிழ்த்திக் காற்றை வெளியேற்றுங்கள். ஒரு முனையை விரலால் அடைத்து வெளியே எடுத்து, கீழ்ப்பாத்திரத்துக்குள் கொண்டுபோய் விரலை எடுங்கள். கொட்டும்.

டியூபின் வளைவுக்கு இரண்டு பக்கமும் தண்ணீர் நிற்கிறது. மேல்பாத்திரத்தின் பக்கம் உயரம் குறைவு, கீழே தொங்கும் பக்கம் உயரம் அதிகம். உயரம் அதிகமான பக்கம் எடையும் அதிகம், அதனால் அது இறங்குகிறது. அது இறங்க இறங்க வளைவின் உச்சியில் அழுத்தம் குறைகிறது. மேல்பாத்திரத்துத் தண்ணீரையோ வெளிக்காற்று இடைவிடாமல் அழுத்திக்கொண்டிருக்கிறது. அந்த அழுத்தம் தண்ணீரை டியூபுக்குள் தள்ளி உச்சிக்கு ஏற்றிவிடுகிறது. இப்போது கீழ்ப்பாத்திரத்தை மெல்ல உயர்த்துங்கள். ஓட்டம் தளரும். இரண்டு பாத்திரத்திலும் தண்ணீர் ஒரே மட்டத்துக்கு வந்ததும் நின்றுவிடும். தெற்கு ஆஸ்திரேலியாவில் போனி ஏரி வற்றியபோது, மர்ரே ஆற்றிலிருந்து இந்த முறையிலேயே 1,000 கோடி லிட்டர் தண்ணீரைக் கொண்டுவந்தார்கள்!

சரி, பெட்ரோல் டியூபைத் தண்ணீரில் அமிழ்த்துவதுபோல் அமிழ்த்த முடியாது. முதல் ஓட்டத்தை எப்படித் தொடங்குவது? பலர் டியூபை வாயில் வைத்து உறிஞ்சுவதைப் பார்த்திருப்பீர்கள். தயவுசெய்து யாரையும் அப்படிச் செய்ய விடாதீர்கள். பெட்ரோல் தண்ணீரைவிட நீர்த்தது, எதன்மேலும் சட்டென்று படர்ந்துவிடும். ஒரு வாய் தவறி உள்ளே போனால், அதில் சில துளிகள் மூச்சுக்குழாய்க்குள் நழுவி நுரையீரல் முழுக்கப் பரவிவிடலாம். நுரையீரல் புண்ணாகி வீங்கிவிடும். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, மேலே வரும்போது மறுபடி நுரையீரலுக்குள் போகும். நேராக மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.

வாய்க்குப் பதிலாக ஓர் எளிய கருவி இருக்கிறது. டியூபின் முனையில் பெருவிரல் பருமனுக்கு ஒரு செம்புக் கூடு, அதற்குள் ஒரு கோலிக்குண்டு. பெட்ரோலுக்குள் விட்டு மேலும் கீழும் வேகமாகக் குலுக்க வேண்டும். கீழே போகும்போது குண்டு எழும்பி வழிவிடும், பெட்ரோல் உள்ளே நுழையும். மேலே வரும்போது குண்டு துளையில் உட்கார்ந்து அடைத்துக்கொள்ளும், நுழைந்தது திரும்ப முடியாது. நாலைந்து குலுக்கலில் பெட்ரோல் வளைவைத் தாண்டிவிடும், பிறகு தானாக ஓடும். உள்ளே வந்தால் விடு, வெளியே போனால் தடு. இவ்வளவு வேலையையும் ஒரு கோலிக்குண்டு செய்துவிடுகிறது!

ஆனால் நடு ஏரியில் இதைச் செய்யாமல் இருப்பதே நல்லது. காரணம், கண்ணுக்குத் தெரியாத ஆவி. மைனஸ் 40 டிகிரி குளிரில்கூடத் தீப்பிடிக்கும் அளவுக்குப் பெட்ரோல் ஆவியாகும். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது, தரையைத் தேடி இறங்கும். சாலையில் என்றால் பரவிக் காற்றோடு போய்விடும். படகோ ஒரு கிண்ணம். வெளியே இருக்கிற தண்ணீரை உள்ளே விடாத அதே சுவர்கள், உள்ளே இறங்கிய ஆவியை வெளியே விடுவதில்லை. காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு பெட்ரோல் ஆவி சேர்ந்தாலே போதும், ஒரு சின்னப் பொறி பட்டால் வெடிக்கும்.

அந்தப் பொறி தீப்பெட்டியிலிருந்துதான் வரவேண்டும் என்பதில்லை. டியூபுக்குள் பெட்ரோல் உரசிக்கொண்டு ஓடும்போது நிலைமின்சாரம் உண்டாகிறது. பிளாஸ்டிக் கேன் படகுக்குள் இருந்தால் அந்த மின்சாரம் இறங்க இடமில்லை. அதனால் தூக்கக்கூடிய டேங்கைக் கரைக்குக் கொண்டுவந்து, தரையில் வைத்து, பம்பின் மூக்கு டேங்கின் வாயைத் தொட்டபடி இருக்க நிரப்புவார்கள். டேங்க் படகோடு பொருத்தப்பட்டிருந்தால் எல்லோரையும் இறக்கிவிட்டு, எஞ்சினையும் அடுப்பையும் அணைத்து, கதவு ஜன்னல்களைச் சாத்திவிட்டுத்தான் தொடங்குவார்கள். விளிம்புவரை நிரப்பவும் மாட்டார்கள். காலையில் நிரப்பிய 20 லிட்டர், வெயிலில் 20 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் ஏறக்குறைய 400 மில்லி விரிந்துவிடும். இடம் விடாவிட்டால் அது வழிந்து தண்ணீரில் கலக்கும்.

சைஃபனே எதிரியாகிற நேரமும் உண்டு. எஞ்சின் உள்ளே இருக்கும் படகில், டேங்கிலிருந்து எஞ்சினுக்குப் போகும் குழாய் எங்கோ தாழ்வான இடத்தில் விரிசல் விட்டது என்று வையுங்கள். உயரத்தில் டேங்க், தாழ்வில் ஓட்டை. யாரும் தொடங்கி வைக்காமலே டேங்க் முழுவதும் படகின் அடியில் வடிந்துவிடும். இதைத் தடுக்க, டேங்கை விட்டுக் குழாய் வெளியேறும் இடத்தில் ஒரு சின்ன வால்வு வைக்கிறார்கள். அதற்குள் ஒரு குண்டும், அதை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங்கும் இருக்கும். எஞ்சினின் பம்ப் இழுத்தால் குண்டு விலகும். சைஃபனின் இழுப்புக்கு அந்த ஸ்பிரிங்கை வெல்லும் பலம் கிடையாது.

அப்படியும் கொஞ்சம் ஆவி தங்கலாம். அதனால் அமெரிக்காவில் இவ்வகைப் பெட்ரோல் படகுகளில் எஞ்சின் அறைக்கு ஒரு விசிறி கட்டாயம். எஞ்சினைக் கிளப்பும் முன் 4 நிமிடம் விசிறியை ஓட விட வேண்டும் என்று பக்கத்திலேயே எழுதி ஒட்டியிருப்பார்கள். நல்ல படகோட்டி அதோடு விடமாட்டார். எஞ்சின் அறையின் மூடியைத் திறந்து, குனிந்து, அடியில் மோந்து பார்ப்பார். லேசாகப் பெட்ரோல் வாடை வந்தாலும் சாவியைத் தொடமாட்டார். ஆட்களை இறக்கிவிட்டு ஒழுக்கைத் தேடுவார்.