சிதறும் அணுக்கரு

யுரேனியக் கரு ஒன்று நியூத்திரன் தாக்க இரண்டாகப் பிளவுறும் என்பது, 1938ஆம் ஆண்டின் இறுதியிற் பேர்லினில் ஆன், ஸ்திராசுமான் எனும் இரசாயனவியலார் இருவர் செய்த சோதனையால் வெளிப்பட்டது. சேம்பிலையில் உருளும் நீர்த்துளி நீண்டு, இடை மெலிந்து, இரண்டாவதை ஒத்தது அப்பிளவு. கருவை உடைத்தற்கு வேறொரு வழியும் உண்டு. ஒரு கருவையே எறிபொருளாக்கி மற்றொரு கருவின்மீது ஏவுதலே அது. அப்பொழுது நிகழ்வது பிளவன்று, சிதறல்.

1970களில் அமெரிக்காவின் பேர்க்கிலி ஆய்வுகூடத்தில், காபன், ஒட்சிசன் ஆகியவற்றின் கருக்கள் ஒளியின் வேகத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு வேகத்துடன் ஏவப்பட்டன. இத்துணை வேகத்தில் மோதினால் யாவும் பொடியாகிவிடும் என்றே எவரும் எண்ணுவர். நிகழ்ந்தது அதுவன்று. கருக்கள் நேருக்கு நேர் மோதுதல் அரிது. ஓரத்தோடு ஓரம் உரசுவதே பெரும்பான்மை. இளநீரின் தலைப்பைக் கத்தி சீவுவது போல, ஒன்றன்மேலொன்று பட்ட பகுதி மட்டுமே பிய்ந்து கொதிக்கின்றது. எஞ்சிய பகுதியோ ஏறத்தாழ முன்னைய வேகத்துடனேயே, முன்னைய திசையிலேயே பறந்து செல்கின்றது. அதனைப் 'பார்வையாளர்' என அறிஞர் அழைப்பர். பொருத்தமான பெயரே, ஆயினும், வேடிக்கை பார்க்க வந்தவர் இங்கே காயமின்றித் திரும்புவதில்லை.

அக்காயத்தின் அளவு வெப்பத்தைப் பொறுத்தது. 79 புரோத்தன்களும் 118 நியூத்திரன்களும் கொண்ட பொற்கருவை எடுத்துக்கொள்வோம். சிறிது சூடேறினால் அது சில நியூத்திரன்களை ஆவியாக விட்டு அடங்கும்; மிகச் சூடேறினாற் பல துண்டுகளாகச் சிதறும். ஜேர்மனியின் டாம்ஸ்ராற் நகர ஆய்வாளர் 1995இல் வெளியிட்ட அளவீடுகளில் வியப்பொன்று இருந்தது. கருவுக்கு ஊட்டப்பட்ட சத்தி ஏறிக்கொண்டே போயும், வெப்பநிலை ஏறத்தாழ 5,800 கோடி பாகையளவில் நெடுநேரம் ஏறாது நின்றதாகத் தோன்றிற்று. உலையிற் கொதிக்கும் நீரும் அவ்வாறன்றோ? கருவும் திரவம் போலக் கொதிக்கின்றது என்னும் கருத்து இதனால் வலுப்பெற்றது; அளவீட்டின் பொருள் பற்றிய வாதமோ அதன் பின்னரும் தொடர்ந்தது.

இச்சிதறல் மருத்துவரையும் விட்டுவைக்கவில்லை. யப்பானின் சிபா நகரில் 1994 முதல் காபன் கருக்களைக் கொண்டு புற்றுநோய்க் கட்டிகள் தாக்கப்படுகின்றன. காபன் கரு தான் நிற்கும் இடத்திலேயே தன் சத்தியின் பெரும்பகுதியைக் கொட்டுவதால், கட்டியைக் குறிபார்த்து அழிக்கலாம். ஆனால், நீரில் 27 சென்ரிமீற்றர் ஆழம் செல்லவேண்டிய காபன் கருக்களில், நூற்றுக்கு ஏறத்தாழ எழுபது வழியிலேயே உடைந்துவிடுகின்றன. உடைந்த ஈலியத் துண்டும் புரோத்தனும் அதே வேகத்தில், காபனைப்போல மும்மடங்கு தூரம் செல்ல வல்லவை. கட்டிக்கு அப்பால் மூளைத்தண்டு இருப்பின், அத்துண்டுகள் அதனையும் தொடும். ஆகவே, கதிரை ஏவுமுன் துண்டுகளுக்கும் கணக்குப் பார்த்தாதல் வேண்டும்.

எனினும், துண்டுகளுள் உதவி செய்வதும் ஒன்றுண்டு. ஒரு நியூத்திரனை மட்டும் இழந்த காபன்-11, கதிர் நிற்கும் இடத்துக்குச் சற்று முன்னரே தங்கி, இருபது நிமிடத்திற் பாதியாகத் தேய்கின்றது. அது தேயும்போது உண்டாகும் காமாக் கதிர்களை உடலுக்கு வெளியேயிருந்து அளவிட்டு, 1997 முதல் 2008 வரை டாம்ஸ்ராற்றிற் சிகிச்சை நடந்த காலத்தில், ஏவிய கதிர் எங்கே சென்று நின்றது என்பதை நேரிற் சரிபார்த்தனர்.