கராஜ் ஹீட்டருக்கு கேஸ் லைன்: “ஒரு பைப்தானே, நாமே போட்டுக்கலாமே?” ஏன் கூடாது?

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் குளிர்காலத்தில் வெப்பநிலை மைனஸ் 20 டிகிரி வரைகூட இறங்கும். வீட்டுக்குள் கதகதப்பு இருக்கும். ஆனால் பின்பக்கம் தனியாக நிற்கும் கராஜ், ஐஸ்பெட்டி மாதிரிதான். அதனால் வீட்டு கேஸ் இணைப்பிலிருந்து வெளியே ஒரு லைன் இழுத்து, கராஜில் ஹீட்டர் மாட்டுகிறார்கள். டொரன்டோ, மார்க்கம் பகுதிகளில் வாழும் தமிழர்களும் செலவைக் குறைக்க யோசிக்கும் வேலை இது.

யார் செய்யலாம்?

ஒன்டாரியோவில் உரிமம் பெற்ற கேஸ் டெக்னீஷியன் மட்டுமே இந்த வேலையைச் செய்யலாம். உரிமத்தைக் கொடுப்பது டி.எஸ்.எஸ்.ஏ என்ற பாதுகாப்பு ஆணையம். பள்ளம் தோண்டும் முன் ‘ஒன்டாரியோ ஒன் கால்’ அமைப்பிடம் சொல்ல வேண்டும். மண்ணுக்குள் ஏற்கெனவே இருக்கும் கேஸ், மின் லைன்களை இலவசமாக அடையாளம் காட்டுவார்கள். சொல்லாமல் தோண்டினால், ஒரு மண்வெட்டி வெட்டு போதும், விபத்துதான்.

பைப்பில் என்ன சூட்சுமம்?

மண்ணுக்கு அடியில் துருப்பிடிக்காத மஞ்சள் பிளாஸ்டிக் பைப் போடுவார்கள். கூடவே ஒரு கம்பியும் ஓடும். பிற்காலத்தில் கருவி வைத்துத் தேடும்போது பைப் இருக்கும் இடத்தைக் காட்டுவது அந்தக் கம்பிதான். ஆனால் தரைக்கு மேலே பிளாஸ்டிக் கூடாது. வெயிலும் தீயும் தாங்காது. அங்கே உலோகக் குழாய்க்கு மாற வேண்டும்.

அடுத்தது அளவு. தூரம் கூடக் கூட குழாயில் அழுத்தம் குறையும். வீட்டு ஹீட்டர், வெந்நீர் டேங்க், அடுப்பு எல்லாவற்றின் தேவையையும் கூட்டித்தான் குழாயின் விட்டத்தை முடிவு செய்ய வேண்டும். கணக்கு தப்பினால், கடுங்குளிர் ராத்திரியில் வீட்டு ஹீட்டருக்கே கேஸ் போதாமல் போகலாம்.

கராஜுக்குள் என்ன ஆபத்து?

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு படரும். அதனால்தான் ஹீட்டரின் தீப்பொறி வரும் பகுதி, தரையிலிருந்து குறைந்தது 18 அங்குலம் உயரத்தில் இருக்க வேண்டும் என்கிறது விதி.

இன்னொன்று கார்பன் மோனாக்சைடு. இதற்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. ஹீட்டரின் புகை வெளியே போகும் குழாய் சரியில்லை என்றால், உள்ளே இருப்பவர் தலைசுற்றி மயங்கி, உயிரே போகலாம். எனவே கராஜில் வேலை செய்பவர்கள் அலாரம் மாட்டுவது அவசியம்.

மூடும் முன் கவனிக்க வேண்டியது

குழாயில் காற்றை அடைத்து, அழுத்தம் இறங்காமல் நிற்கிறதா என்று சோதித்த பிறகே பள்ளத்தை மூட வேண்டும். இணைப்புகளில் சோப்பு நுரை தடவினால் கசிவு குமிழியாகத் தெரியும். தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பது, உயிரோடு விளையாடுவது.

பிறகு எப்போதாவது அழுகிய முட்டை நாற்றம் வந்தால், அது கேஸில் கலந்திருக்கும் எச்சரிக்கை வாசனை. சுவிட்சைத் தொடாதீர்கள், போனையும் உள்ளே எடுக்காதீர்கள். எல்லோரும் வெளியேறி, தூரத்தில் நின்று 911-ஐ அழையுங்கள்.