குருதிக் கட்டியை முன்னறியும் முறுக்குக் கம்பி

முறுக்கு ஊசல் சோதனையைக் கல்லூரி ஆய்வகத்தில் செய்திருப்பீர்கள். கம்பியில் தொங்கும் வட்டத்தட்டைச் சற்றே திருப்பி விடுகிறோம். அலைவு நேரத்தை அளந்து கம்பியின் விறைப்புக் குணகத்தைக் கணக்கிடுகிறோம். இதே முறுக்குக் கம்பி, உயிருக்குப் போராடும் நோயாளியின் குருதியைச் சோதிக்கவும் உதவுகிறது.

2020-ஆம் ஆண்டில் கோவிட்-19 நோய் பரவியபோது, நெதர்லாந்து நாட்டில் தீவிர சிகிச்சை பெற்ற 184 நோயாளிகளை மருத்துவர்கள் ஆராய்ந்தனர். அவர்களுள் 31 விழுக்காட்டினருக்குக் குருதிக் கட்டிகளால் கோளாறுகள் நேர்ந்தன. பெரும்பாலான கட்டிகள் நுரையீரல் தமனியை அடைத்தவை. இத்தனைக்கும், அனைவருக்கும் உறைதலைத் தடுக்கும் மருந்து கொடுக்கப்பட்டிருந்தது!

வைரஸ் தாக்குதலால் அழற்சி மிகும்போது குருதிக் குழாய்களின் உட்சுவர் கெடுகிறது. குருதியில் ஃபைப்ரினோஜென் என்ற புரதம் பெருகுகிறது. இதிலிருந்து தோன்றும் ஃபைப்ரின் நார்கள் வலைபோல் பின்னிக் கட்டியாகின்றன. நலமான உடலில் பிளாஸ்மின் என்ற நொதி இவ்வலையை அறுத்துக் கரைத்துவிடும்.

அப்படியானால், மருந்தை எல்லோருக்கும் கூடுதலாகக் கொடுத்தால் என்ன? 2021-இல் வெளிவந்த பெரிய ஆய்வொன்று இதற்கு விடை தந்தது. கவலைக்கிடமான நோயாளிகளுக்கு முழு அளவில் மருந்து கொடுத்தும் பிழைத்தோர் தொகை கூடவில்லை. மருந்து மிகுந்தால் குருதிப்போக்கு என்னும் ஆபத்தும் உண்டு. ஆகவே, யாருக்குக் கட்டி உண்டாகும் என்பதை முன்கூட்டியே அறிய வேண்டியுள்ளது.

இங்கேதான் நம் கம்பி வருகிறது. 1948-இல் ஜெர்மானியரான ஹார்டெர்ட் அமைத்த கருவி இது. சிறு கிண்ணத்தில் சில துளி குருதி. அதனுள் முறுக்குக் கம்பியில் தொங்கும் ஒரு முளை. கிண்ணம் 10 நொடிக்கு ஒருமுறை, 5 பாகைக்கும் குறைந்த கோணத்தில் இருபுறமும் மெல்லத் திரும்புகிறது. குருதி நீர்மமாக உள்ளவரை முளை அசையாது. உறையத் தொடங்கியதும் ஃபைப்ரின் நார்கள் கிண்ணத்தையும் முளையையும் பிணைக்கின்றன. முளையும் சேர்ந்து திரும்புகிறது. கட்டி எவ்வளவு உறுதியோ, அவ்வளவு வீச்சு. கட்டி கரைந்தால் வீச்சு குறையும்.

2020-இல் அமெரிக்காவின் கொலராடோவில் 44 நோயாளிகளின் குருதி இவ்வாறு சோதிக்கப்பட்டது. வீச்சு உச்சத்தை எட்டி 30 நிமிடங்கள் ஆகியும் சிலரது குருதிக்கட்டி சிறிதும் கரையவில்லை. இதனுடன், ஃபைப்ரின் சிதைவதால் தோன்றும் டி-டைமர் என்ற பொருளும் குருதியில் மிகுந்திருந்தோருள் பாதிப் பேருக்குச் சிரைகளில் கட்டி உண்டானது. இவ்விரு அறிகுறிகளும் இல்லாதோருள் ஒருவருக்கும் உண்டாகவில்லை.

டி-டைமர், முன்பே உருவாகிச் சிதைந்த கட்டிகளின் சுவடு. கம்பி காட்டுவதோ, இன்று உருவாகும் கட்டி கரையுமா என்பதை. ஒன்று நேற்றைய கதை. மற்றது நாளைய எச்சரிக்கை. 44 பேர் என்பது சிறிய எண்ணிக்கையே. இதைக்கொண்டு மட்டும் சிகிச்சையை மாற்றிவிட முடியாது. எனினும், எதை அளக்க வேண்டும் என்பதை அது சுட்டிக்காட்டியது. கட்டி உருவாகும் வேகத்தை மட்டும் பார்த்தால் போதாது. அது கரையாமல் நிற்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.