சப்த கன்னியர் மலையும் செய்மதிப் பொய்களும்

1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு, சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு கட்டுநாயக்கவுக்கு வந்துகொண்டிருந்த மார்டினெயார் டிசி-8 விமானம், கண்டிக்குத் தெற்கே நோட்டன் பிரிட்ஜ் பக்கமுள்ள சப்த கன்னியர் மலையில் மோதியது. அதிலிருந்த 191 பேரில் ஒருவரும் தப்பவில்லை. தாங்கள் எங்கே பறக்கிறோம் என்பதை விமானிகள் பிழையாகக் கணித்து, விமான நிலையத்தை நெருங்கிவிட்டதாக நம்பிக் கீழிறங்கியிருந்தார்கள்.

அன்று நடந்தது தவறு. அதே குழப்பத்தை இன்று வெளியிலிருந்து வேண்டுமென்றே உண்டாக்க முடியும்.

விமானத்தை ‘ஹேக்’ செய்வது என்றதும், யாரோ மடிக்கணினியில் இருந்துகொண்டு விமானத்தைத் திருப்புவதாகவே பலர் நினைக்கிறார்கள். அது சினிமா. இறக்கைகளையும் வாலையும் அசைக்கும் கட்டுப்பாட்டுக் கணினிகள் பயணிகளின் வைஃபையிலிருந்து பிரித்தே வைக்கப்படுகின்றன. ஒன்று பழுதானால் இன்னொன்று பொறுப்பேற்கும். பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. ஜிபிஎஸ் செய்மதிகள் சுமார் 20,200 கிலோமீற்றர் உயரத்தில் இருப்பதால், அவற்றின் சமிக்ஞை நம்மை வந்தடையும்போது மிக மெலிந்துவிடும். தரையிலிருந்து அதைவிடப் பலமான பொய்ச் சமிக்ஞை ஒன்றை அனுப்பினால், விமானம் அதையே உண்மையென எடுத்துக்கொள்ளலாம்.

இதை அதிகம் செய்பவர்கள் திருடர்கள் அல்லர், இராணுவங்கள். எதிரியின் ட்ரோன்களையும் ஏவுகணைகளையும் திசைதிருப்புவதே அவர்களின் நோக்கம். ஆனால் அதே வானில்தான் வேலைக்காக வளைகுடா போகும் நம்மவர்களும், இலண்டனிலிருந்து ஊர் திரும்பும் உறவுகளும் பறக்கிறார்கள். 2023 நவம்பர் முதல் 2025 பெப்ரவரி வரை, அமிர்தசரஸ், ஜம்மு எல்லைப் பகுதிகளில் மட்டும் இவ்வாறான 465 சம்பவங்கள் பதிவானதாக இந்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது.

பொய் இடம் வரைபடத்தோடு நிற்பதில்லை. விமானத்தின் கடிகாரம் குழம்பலாம். தரை நெருங்குவதை எச்சரிக்கும் கருவி, நடுவானில் ‘மேலே ஏறு’ என்று கத்தலாம். சில விமானங்களில் இந்தக் குழப்பம், பாதிக்கப்பட்ட பகுதியைக் கடந்த பிறகும் நீடிக்கிறது. பொய் எச்சரிக்கைகளைக் கேட்டுப் பழகிய விமானி, மலைநாட்டு இருளில் வரும் உண்மையான எச்சரிக்கையையும் பொய்யென்று தள்ளிவிட்டால்? என்னைக் கேட்டால், கணினித் திருடனைவிட அஞ்சவேண்டியது இதற்குத்தான்.

காப்பாற்றுவது பெரும்பாலும் பழைய தொழில்நுட்பம். செய்மதியை நம்பாமல், தன் அசைவை வைத்தே இடத்தைக் கணிக்கும் கருவி விமானத்துக்குள் உண்டு. தரையில் வானொலி வழிகாட்டிகளும் ராடர்களும் இருக்கின்றன. ராடர் விமானத்தின் இடத்தைத் தானே அளக்கிறது.

உறவினரின் விமானத்தைக் கைத்தொலைபேசியில் பின்தொடர்பவர்கள் கவனிக்கவேண்டிய வித்தியாசம் இது. அந்தச் செயலிகள் பெரும்பாலும் விமானம் தானே அறிவிக்கும் இடத்தைத்தான் காட்டுகின்றன. போர் நடக்கும் பகுதிக்கு அருகே அது திடீரென நூறு கிலோமீற்றர் தள்ளிப் பாய்ந்தால், விமானத்துக்கு ஏதோ ஆகிவிட்டதென்று பதற வேண்டியதில்லை. பெரும்பாலும் அது அந்தப் பொய்ச் சமிக்ஞையின் வேலையாகவே இருக்கும்.