கண்ணுக்குப் பதில் காது! காதுக்குப் பதில் கை!

காஞ்சீபுரத்தில் நெசவாளர் தெருக்களில் நடந்தால் ஒரு சத்தம் கேட்கும். "டக்... டக்... டக்..." தறிச் சத்தம்!

தறிக்கு மேலே ஒரு பெட்டி இருக்கிறது. அதில் அட்டைகள் சங்கிலிபோல் கோர்த்துத் தொங்குகின்றன. அட்டை முழுவதும் துளைகள். நெசவாளி காலால் மிதிக்கிறார். துளை உள்ள இடத்தில் இழை எழும்புகிறது. துளை இல்லாத இடத்தில் எழும்புவதில்லை. அவ்வளவுதான்! அதிலிருந்து மயில் வருகிறது, மாங்காய் வருகிறது, யாளி வருகிறது.

இந்தப் பெட்டியைப் பிரான்சு நாட்டில் 1804-ல் உருவாக்கியவர் ஜக்கார்டு. அவர் பெயரே பெட்டிக்கும் வந்துவிட்டது.

அதே பிரான்சு நாட்டில் 5 ஆண்டுகள் கழித்து ஒரு குழந்தை பிறந்தது. பிற்காலத்தில் அந்தக் குழந்தையும் துளைபோன்ற ஒரு சின்ன விஷயத்தைக் கொண்டு உலகத்தையே மாற்றியது. அது புள்ளி!

15 வயதுப் பையன்

அந்தக் குழந்தையின் பெயர் லூயி பிரெய்ல். தந்தைக்குக் குதிரைச் சேணம் தைக்கும் தொழில். 3 வயதில் பட்டறையில் விளையாடும்போது, தோல் தைக்கும் குத்தூசி கண்ணில் பட்டுவிட்டது. அந்தப் புண் மற்றக் கண்ணையும் பாதித்தது. இரண்டு கண்களும் போயின.

பாரிசில் பார்வையற்றோர் பள்ளியில் பிரெய்ல் சேர்ந்தான். சார்லஸ் பார்பியர் என்ற முன்னாள் ராணுவ அதிகாரி 12 புள்ளிகளால் ஒரு எழுத்து முறையை அமைத்திருந்தார். காகிதத்தில் மேடாக எழும்பிய புள்ளிகளைத் தடவிப் படிக்கவேண்டும். ஆனால் 12 புள்ளிகள் விரல் நுனிக்குள் அடங்கவில்லை.

பிரெய்ல் அதை 6 புள்ளிகளாகக் குறைத்தான். 1824-ல் முறை தயாரானது. அப்போது அவனுக்கு வயது 15!

கண் உள்ளவர் ஒரு வழி சொன்னார். கண் இல்லாதவன் அதைத் திருத்தினான். இருவரும் சேர்ந்ததால் எழுத்து பிறந்தது.

தமிழும் ஆறு புள்ளியில்

இந்தியாவில் முன்பு பல பிரெய்ல் முறைகள் இருந்தன. ஓரிடத்தில் படித்தவருக்கு வேறிடத்துப் புத்தகம் புரியாது. சுதந்திரத்திற்குப் பிறகு ஐ.நா.வின் யுனெஸ்கோ சபையும் இந்திய அரசும் சேர்ந்து ஆராய்ந்தன. 1951-ல் 'பாரதி பிரெய்ல்' என்ற பொது முறை உருவாயிற்று. தமிழ் 'க'வுக்கும் இந்தி 'க'வுக்கும் அதில் ஒரே புள்ளிகள்!

காஞ்சீபுரத்திலிருந்து சென்னைக்குப் போகும் வழியில் இருக்கிறது பூந்தமல்லி. அங்கே உள்ள அரசு பார்வையற்றோர் பள்ளியில் குழந்தைகள் இந்தப் புள்ளிகளைத் தடவித்தான் தமிழ் படிக்கிறார்கள்.

ஆனால் ஒரு கஷ்டம். பிரெய்ல் புத்தகம் மிகப் பெரியது. ஒரு சாதாரணப் புத்தகத்தைப் பிரெய்லில் அச்சிட்டால், பல தடித்த பாகங்கள் ஆகிவிடும். வேண்டிய புத்தகமெல்லாம் கிடைப்பதும் இல்லை. பரீட்சைக்கு முதல் நாள் இரவு, "இந்தப் பாடத்தை யாராவது வாசித்துக் காட்டமாட்டார்களா?" என்று ஒரு மாணவன் காத்துக்கிடக்க வேண்டும்!

ஒரே எழுத்து, மூன்று ஓசை

இந்தக் காத்திருப்பைப் போக்க வந்தது பேசும் கம்ப்யூட்டர். திரையில் உள்ளதை அது உரக்கப் படிக்கும். 2006-ல் தொடங்கிய 'என்.வி.டி.ஏ.' என்ற படிப்பானை ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற நண்பர்கள் இருவர் வளர்த்தெடுத்தார்கள். அதை யாரும் இலவசமாகப் பெறலாம்.

ஆனால் அது தமிழ் பேசவேண்டாமா?

அது எளிதல்ல. 'கடல்', 'அகம்', 'சங்கு' என்று சொல்லிப் பாருங்கள். எழுதுவது ஒரே ககரம். ஓசையோ மூன்று! நமக்கு இது பழக்கத்தில் வருகிறது. கம்ப்யூட்டருக்கு யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும்.

2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மத்திய அரசின் உதவியோடு இந்த வேலை நடந்தது. சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியை ஹேமா மூர்த்தி முன்னின்றார். பல மாநிலக் கல்வி நிலையங்கள் கைகோர்த்தன. தமிழுக்கு உழைத்தவர்களில் களவாக்கத்தில் உள்ள எஸ்.எஸ்.என். பொறியியல் கல்லூரியினரும் உண்டு. களவாக்கம் அப்போது காஞ்சீபுரம் மாவட்டம்; 2019 முதல் செங்கற்பட்டு மாவட்டம்.

தமிழ் நன்றாகப் பேசுபவரைப் பல மணி நேரம் படிக்கச் சொல்லிப் பதிவு செய்தார்கள். அந்தப் பேச்சைச் சிறு சிறு ஓசைகளாகப் பிரித்தார்கள். அவற்றைக் கொண்டு, எந்த வாக்கியத்தைக் கொடுத்தாலும் கம்ப்யூட்டர் பேசும்படி செய்தார்கள்.

குரல் நன்றாக இருக்கிறதா என்று யார் சொல்வது? கண் உள்ளவர் இனிமையைப் பார்ப்பார். பார்வையற்றவரோ வேகத்தைக் கேட்பார்! பழகியவர்கள் சாதாரணப் பேச்சைவிடப் பல மடங்கு வேகத்தில் கேட்டுப் புரிந்துகொள்வார்கள். அந்த வேகத்திலும் சொல் சிதையக்கூடாது. இதை உபயோகிப்பவரிடம் கேட்டால்தான் தெரியும்.

கை பேசும் மொழி

காது கேளாத குழந்தையின் கதை வேறு. அதற்குக் கண் தெரியும். "புத்தகத்தைக் கொடுத்தால் படித்துக்கொள்ளாதா?" என்று தோன்றும்.

அப்படியல்ல. 'தண்ணீர்' என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்த குழந்தைக்குத்தான் எழுத்தைக் கூட்டியதும் பொருள் விளங்கும். சொல்லையே கேளாத குழந்தைக்கு எழுத்து வெறும் கோடு. அதற்கு முதலில் ஒரு மொழி வேண்டும். சைகை அப்படிப்பட்ட மொழி. அதற்குத் தனி இலக்கணம் உண்டு.

புது டில்லியில் 2015-ல் இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மையம் ஏற்பட்டது. 2018-ல் 3,000 சொற்களுடன் வீடியோ அகராதி வெளிவந்தது. 2021-ல் அது 10,000 சொற்களாக வளர்ந்தது. பாடப் புத்தகங்களைச் சைகை மொழியில் தர என்.சி.இ.ஆர்.டி.யுடன் 2020-ல் ஒப்பந்தமும் ஏற்பட்டது.

காஞ்சீபுரம் சதாவரத்திலும் காது கேளாத குழந்தைகளுக்கு அரசு பள்ளி இருக்கிறது. ஆனால் பள்ளி வயது வரை காத்திருக்கலாமா? கூடாது! கூப்பிட்டால் குழந்தை திரும்பிப் பார்க்கவில்லையா? "போகப் போகச் சரியாகிவிடும்" என்று இருந்துவிடாதீர்கள். உடனே டாக்டரிடம் காட்டுங்கள். மொழி வேர்விடுவது முதல் சில ஆண்டுகளில்தான்.

கண், காது இரண்டும் இல்லாதவர்களும் உண்டு. அவர்கள் தொட்டுத்தான் பேசவேண்டும். முட்டுக்காட்டில் 2005-ல் தொடங்கிய தேசிய நிறுவனம் இப்படிப் பல குறைகள் ஒன்றுசேர்ந்தவர்களுக்கென்றே நடக்கிறது.

மூன்று நாடா

காஞ்சீபுரம் கோர்வைப் புடவையை எல்லோரும் அறிவார்கள். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். அதை நெய்ய மூன்று நாடாக்கள் வேண்டும். நெசவாளி ஒருவரால் முடியாது. பக்கத்தில் துணைக்கு ஒருவர் உட்காரவேண்டும். ஒருவர் கை தவறினாலும் கரை கூடாது.

இந்தக் கல்விக் கருவிகளும் அப்படித்தான். விஞ்ஞானி ஒரு நாடா. ஆசிரியர் ஒரு நாடா. பார்வையற்ற, காது கேளாத மாணவர் மூன்றாவது நாடா. அந்த மூன்றாவது நாடாவை விட்டுவிட்டு நெய்தால் துணி வரும், கோர்வை வராது!