'டப்' சத்தம் போடாத குமிழி!

'டப்... டப்... டப்...'

என்ன குட்டீஸ்... வீட்டுக்கு பார்சல் வந்தால், உள்ளே இருக்கும் பொருளை விட, அதைச் சுற்றியிருக்கும் குமிழித் தாளுக்குத் தானே முதல் சண்டை! அதன் பெயர், 'பபுள் ராப்!'

இது, பார்சல் கட்டுவதற்காகப் பிறந்ததே அல்ல. அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில், 1957ல், ஆல்பிரட் பீல்டிங், மார்க் சவான் என்ற இருவர், சுவரில் ஒட்டும் அலங்காரத் தாள் தயாரிக்க நினைத்தனர். இரண்டு பிளாஸ்டிக் திரைகளை ஒன்றாக ஒட்டியபோது, நடுவே காற்று சிக்கி, குமிழி குமிழியாக நின்றது. சுவரில் ஒட்ட யாரும் அதை விரும்பவில்லை. பின்னர், ஐ.பி.எம்., நிறுவனம் தன் கம்ப்யூட்டர்கள் உடையாமல் போய்ச் சேர, இதைச் சுற்றி அனுப்பியது. அதன்பின், உலகம் முழுக்க பரவி விட்டது.

பொருள் உடைந்தால், அதைச் செய்த உழைப்பும், மின்சாரமும் வீண். எனவே, குமிழித் தாள் நல்ல காவல்காரன் தான். ஆனால், இரண்டு சிக்கல்கள் உண்டு.

முதலாவது, காற்று! ஆலையிலிருந்து சுருள் சுருளாக லாரியில் ஏற்றினால், லாரி சுமப்பது பெரும்பாலும் காற்றைத் தான். அதற்கும் டீசல் எரிகிறது, புகை வருகிறது. சின்னப் பொருளை, பெரிய பெட்டியில் போட்டு அனுப்பினாலும் இதே கதை தான்.

இதற்கு, 2015ல் ஒரு வழி வந்தது. காற்றில்லாத தட்டையான தாளை அனுப்பி, பார்சல் கட்டும் இடத்திலேயே காற்றடிப்பது! இது, பழைய சுருளில், 50ல் ஒரு பங்கு இடத்தையே அடைக்கும். ஆனால், குமிழிகள் ஒன்றோடொன்று இணைந்திருப்பதால், ஒன்றை அழுத்தினால், காற்று பக்கத்துக் குமிழிக்கு ஓடி விடும். 'டப்' சத்தம் வராது!

இரண்டாவது சிக்கல், இது பாலிஎதிலீன் என்ற பிளாஸ்டிக். மண்ணில் எளிதில் மக்காது. சுத்தமாக இருந்தால் உருக்கி மீண்டும் பயன்படுத்தலாம். ஆனால், ஒட்டு நாடாவும், அழுக்குமாக குப்பைக்குப் போனால், பிரித்தெடுப்பது கஷ்டம்.

அடுத்த முறை பார்சல் வந்தால், குமிழிகளை வெடிக்காமல் மடித்து வையுங்கள். கொலு பொம்மைகளைப் பரணில் ஏற்றும்போது சுற்றி வைக்கலாம். வெடித்த குமிழி எதையும் காப்பாற்றாது. வெடிக்காத குமிழிக்கோ, இன்னும் பல பயணங்கள் பாக்கி இருக்கின்றன!

ஒரே ஒரு குமிழியை மட்டும் வெடிக்கலாமா என்கிறீர்களா? சரி... ஒன்றே ஒன்று தான்!