தையல் பிரித்த பிறகும் மதுரைக்கு வர வேண்டும்

மாட்டுத்தாவணியில் இறங்கி, டவுன் பஸ் மாறி, அண்ணா பஸ் ஸ்டாண்ட் பக்கம் உள்ள அரசு ராஜாஜி மருத்துவமனைக்குப் போகும் கூட்டத்தில், குழந்தையின் முகத்தைத் துணியால் மூடியபடி வரும் தாய்மார்களை அவ்வப்போது பார்க்கலாம். வெயிலுக்காகப் போட்ட துணி இல்லை அது. உதட்டுப் பிளவோடு பிறந்த பிள்ளையை நாலு பேர் குனிந்து பார்த்து ‘உச்’ கொட்டுவதைத் தாங்க முடியாமல் போட்டது.

உதட்டைச் சேர்த்துத் தைத்ததும் துணி விலகிவிடுகிறது. பல வீடுகளில் மதுரைப் பயணமும் அத்தோடு நின்றுவிடுகிறது. வாய்க்கு உள்ளே நடப்பது வெளியே தெரியாது என்பதால், பல் முளைத்து, கறுத்து, வலி வந்த பிறகுதான் மறுபடி பஸ் ஏறுகிறார்கள். பிளவு, சொத்தை, பிடுங்கிய பல் ஆகிய மூன்றையும் ஆராய்ச்சியாளர்கள் சேர்த்தே பார்க்கிறார்கள். நாமும் அப்படிப் பார்ப்பது நல்லது.

கிரகணம் செய்த குற்றம் இல்லை

கருவில் முகம் உருவாகும்போது இரு பக்கத்திலிருந்தும் திசுக்கள் வளர்ந்து வந்து நடுவில் ஒட்டிக்கொள்கின்றன. மேலுதடு 4 முதல் 7 வாரத்துக்குள்ளும், அண்ணம் என்கிற மேல்வாய் 6 முதல் 9 வாரத்துக்குள்ளும் கூடிவிட வேண்டும். கூடாமல் போனால் பிளவு. நாள் தள்ளிப்போனதை உறுதிசெய்து, கிராம சுகாதார செவிலியரிடம் பெயரைப் பதிவதற்குள் உதட்டின் கதை பெரும்பாலும் முடிந்திருக்கும். கிரகணத்தன்று காய் நறுக்கினாள், அதனால்தான் பிள்ளைக்கு உதடு வெட்டுப்பட்டது என்று மாமியார் வீட்டில் சொல்லும் பேச்சுக்கு எந்த ஆதாரமும் இல்லை. ஐந்தாம் மாதத்தில் வந்த கிரகணம், இரண்டாம் மாதத்தில் சேர்ந்து முடிந்த உதட்டை எப்படிப் பிரிக்கும்?

காரணம் ஒன்றாக இருப்பதில்லை. பரம்பரைக்கு ஒரு பங்கு உண்டு. கர்ப்பிணி புகைப்பதும், சில வலிப்பு மருந்துகளும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. அதற்காக வலிப்பு மாத்திரையைத் தானாக நிறுத்திவிடக் கூடாது. கருத்தரிக்கத் திட்டமிடும்போதே மருத்துவரிடம் சொல்லி மாற்று மருந்து கேட்க வேண்டும். ஃபோலிக் அமில மாத்திரை முதுகுத் தண்டுக் குறைபாட்டைத் தடுப்பது உறுதியாக நிரூபிக்கப்பட்டது. பிளவு விஷயத்தில் சான்று அவ்வளவு வலுவாக இல்லை என்றாலும், கருத்தரிப்பதற்கு முன்பே தொடங்குவதால் நஷ்டம் ஒன்றுமில்லை.

சொந்தத்தில் கல்யாணம் என்பது இந்தப் பக்கத்தில் தொட்டால் சுடும் பேச்சு. ஆனாலும் பேசத்தான் வேண்டும். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுத் திருமணங்களில் நான்கில் ஒன்றுக்கும் மேல் உறவுக்குள் நடந்தவை. தாய்மாமனையோ அத்தை மகனையோ கட்டியவர்களின் பிள்ளைகளில் பெரும்பாலோர் எந்தக் குறையும் இல்லாமல்தான் பிறக்கிறார்கள். ஆனால் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும்போது பிளவுக்கான வாய்ப்பு உறவுத் திருமணத்தில் கூடுவது தெரிகிறது. குடும்பத்தில் ஏற்கெனவே ஒருவருக்குப் பிளவு இருந்து, அதே குடும்பத்துக்குள் பெண் எடுப்பதாக இருந்தால், ஜாதகத்தோடு மரபியல் ஆலோசனையும் கேட்டுக்கொள்ளலாம்.

கீழுதட்டில் இரண்டு சின்னக் குழிகள் உள்ளவர்களைப் பார்த்திருப்பீர்கள். அழகுக் குழி என்று விட்டுவிடுவார்கள். ஐ.ஆர்.எஃப்.6 என்ற மரபணுவின் மாற்றம் அப்படித் தெரியலாம் என்று 2002-இல் கண்டுபிடித்தார்கள். அந்த மாற்றம் உள்ளவரின் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது போய்ச் சேர இரண்டில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. போய்ச் சேர்ந்த பிள்ளைக்குப் பிளவும் வரலாம். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகப் பல் மருத்துவப் பள்ளியில் மேரி மராசிட்டாவின் குழு, பிளவுள்ள குடும்பங்களின் மரபணுவையும், அப்பலாச்சியா மலைப்பகுதி மக்களின் பல் சொத்தையையும் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறது. பிளவு இல்லாத உறவினர்கள் சிலருக்குக்கூட, தோலுக்கு அடியில் உதட்டுத் தசையில் சிறு இடைவெளி இருப்பதை அங்கே ஸ்கேனில் பார்த்திருக்கிறார்கள்.

பாலாடையில் தொடங்கும் நீண்ட வரிசை

அண்ணம் பிளந்த குழந்தையால் மார்பில் உறிஞ்ச முடியாது. பால் மூக்கு வழியாக வந்துவிடும். தலையை உயர்த்திப் பிடித்து, பிழிந்த தாய்ப்பாலைப் பாலாடையில் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினால் எடை ஏறும். நம் பாட்டிமார் கைப்பழக்கமான இந்தப் பாலாடையை இன்று பச்சிளங்குழந்தைப் பிரிவுகளிலும் பயன்படுத்துகிறார்கள்.

எடையும் ரத்த அளவும் சரியாக இருந்தால் மூன்று மாத வாக்கில் உதட்டு அறுவை. 9 முதல் 18 மாதத்துக்குள் அண்ணம். நடுவில் காது கேட்கிறதா என்ற சோதனை, பிறகு பேச்சுப் பயிற்சி. 8 வயதிலிருந்து 11 வயதுக்குள், கோரைப்பல் இறங்கும் முன், ஈறு எலும்பில் உள்ள பள்ளத்தை இடுப்பெலும்பிலிருந்து எடுத்த துகளால் நிரப்புவார்கள். அதற்குப் பிறகு பல்லுக்குக் கம்பி. ஆக, மாட்டுத்தாவணிக்கும் மேலூருக்கும், சிவகங்கைக்கும் ராமநாதபுரத்துக்குமாகப் பதினைந்து வருடமாவது போய்வர வேண்டியிருக்கும்.

செலவை நினைத்துப் பயப்பட வேண்டாம். ஆர்.பி.எஸ்.கே. என்று சுகாதாரத் துறையினர் சொல்லும் தேசியச் சிறார் நலத் திட்டம் 2013-இல் தொடங்கியது. பிறவிக் குறைபாடுகளின் பட்டியலில் பிளவும், குழந்தை நோய்களின் பட்டியலில் பல் சொத்தையும் அதில் இருக்கின்றன. அங்கன்வாடிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் சொன்னாலே 18 வயது வரை இலவச சிகிச்சைக்கு அனுப்புவார்கள். இதையெல்லாம் யாரும் தட்டில் வைத்துத் தருவதில்லை, கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

பல்லில் பூச்சி இல்லை

பல்லில் பூச்சி என்று சொல்லி, கண்டங்கத்திரி விதைப் புகையை வாய்க்குள் பிடித்து, தட்டில் வெள்ளையாக எதையோ விழவைத்துக் காட்டும் வைத்தியம் நம் ஊர்களில் உண்டு. தட்டில் விழுவது எதுவானாலும், பல்லை அரிப்பது அது இல்லை. 1924-இல் லண்டனில் கிளார்க் என்பவர் சொத்தைப் பல்லிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்று பெயரிட்டார். சர்க்கரையைத் தின்று அமிலத்தைக் கக்கும் ஜாதி அது. அமிலம் கூடக் கூடக் குறையும் பி.எச். அளவு வாயில் 5.5-க்குக் கீழே இறங்கினால் பல்லின் எனாமல் கரையத் தொடங்கும். எச்சில் அதைச் சரிசெய்ய அரை மணி நேரமாவது ஆகும்.

ஸ்வீடனில் விபெஹோல்ம் என்ற இடத்தில் 1940-களில் ஒரு கொடுமையான ஆய்வு நடந்தது. மனவளர்ச்சி குன்றியவர்களுக்கு, அவர்கள் சம்மதமே இல்லாமல், பல்லில் ஒட்டும் டாஃபியை மாதக்கணக்கில் கொடுத்துச் சொத்தை வரவைத்தார்கள். அப்படிக் கிடைத்த அறிவு என்று சொல்லவே கூசுகிறது. எவ்வளவு இனிப்பு என்பதைவிட ஒரு நாளில் எத்தனை முறை, எவ்வளவு நேரம் பல்லில் ஒட்டியிருக்கிறது என்பதே முக்கியம் என்று அதில் தெரியவந்தது. விடிய விடிய விழித்திருக்கும் மாட்டுத்தாவணியில், டிரிப்புக்கு ஒரு டீ என்று குடிக்கும் டிரைவருக்கு வாய் ஆறுவதற்கே நேரமில்லை. சாப்பாட்டோடு சேர்த்து ஒரு கிளாஸ் ஜிகர்தண்டா குடித்தவர் அவரைவிடத் தப்பித்தவர்.

பிளவுள்ள குழந்தைக்கு இது இரட்டிப்புச் சோதனை. கருவில் ஆறாவது வாரத்தில் பல்லின் முதல் முளை தோன்றுவதும் உதடும் அண்ணமும் கூடும் அதே இடத்தில்தான். அதனால் பிளவின் ஓரத்தில் பல் இல்லாமல் போகலாம், கூடுதலாக முளைக்கலாம், கோணலாக நெருக்கியடிக்கலாம், எனாமல் மெலிந்திருக்கலாம். தைத்த உதடு இறுகியிருப்பதால் பிரஷ் உள்ளே போகாது. தையலில் கை பட்டுவிடுமோ என்று அம்மாவுக்குப் பயம். போதாததற்கு, ‘பாவம், கஷ்டப்பட்ட பிள்ளை’ என்று வருகிறவர் போகிறவர் எல்லாம் மிட்டாய் கொடுப்பார்கள். இரவில் சர்க்கரை போட்ட பால் புட்டியோடு தூங்க வைத்தால் முன்பற்கள் முளைத்த வருடத்திலேயே கறுத்துவிடும்.

முதல் பல் எட்டிப் பார்த்த உடனே, மெல்லிய சின்ன பிரஷ்ஷில் ஃபுளோரைடு பேஸ்ட்டை அரிசி மணி அளவுக்கு வைத்துத் தேய்க்கலாம். காயம் ஆறிவிட்டது என்று அறுவை மருத்துவர் சொன்ன பிறகு உதட்டைத் தூக்கிப் பிடித்துத் தேய்ப்பதில் ஆபத்து இல்லை. நிலக்கோட்டைப் பக்கம்போல நிலத்தடி நீரிலேயே ஃபுளோரைடு மிகுந்த ஊர்க்காரர்கள் பேஸ்ட் அளவைப் பல் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும். சொத்தை வந்துவிட்டாலும் எல்லாவற்றுக்கும் டிரில் தேவையில்லை. சில்வர் டயமைன் ஃபுளோரைடு என்ற திரவத்தைத் தொட்டுத் தடவினால் சொத்தை பரவாமல் நிறுத்தலாம். 2021-இல் உலக சுகாதார நிறுவனம் இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. தடவிய இடம் நிரந்தரமாகக் கறுக்கும். விழப்போகிற பால்பல்தானே என்று நான் இதன் பக்கம்தான் நிற்பேன்.

பிடுங்கிய பல் எங்கே போகிறது?

விழுந்த பால்பல்லைச் சாணி உருண்டையில் பொதிந்து கூரைமேல் எறிவது நம் வழக்கம். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 1958 முதல் 1970 வரை பிள்ளைகள் அதை விஞ்ஞானிகளுக்குத் தபாலில் அனுப்பினார்கள். மூன்று லட்சத்துக்கும் மேல் பற்கள் சேர்ந்தன. 1950-இல் பிறந்தவர்களைவிட 1963-இல் பிறந்தவர்களின் பல்லில் ஸ்ட்ரான்டியம்-90 என்ற கதிரியக்கப் பொருள் சுமார் 50 மடங்கு அதிகமாக இருந்தது. அணுகுண்டுச் சோதனைத் துகள் புல்லில் விழுந்து, பசும்பால் வழியாகப் பல்லில் குடியேறியிருந்தது. வெட்டவெளியில் குண்டு வெடித்துப் பார்ப்பதைத் தடைசெய்த 1963 ஒப்பந்தத்துக்கு ஆதரவு திரண்டதில், அதற்குள் சேர்ந்திருந்த பற்களுக்கும் பங்கு உண்டு.

அவ்வளவு தூரம் போவானேன். கீழடிக்குப் பக்கத்துக் கொந்தகையில் முதுமக்கள் தாழியில் கிடைத்த பற்களையும் எலும்புகளையும் வைத்து மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் மரபணு ஆய்வு நடக்கிறது. உடம்பில் எனாமலைவிடக் கடினமான பொருள் இல்லை. மண்ணில் மற்றதெல்லாம் மக்கிய பிறகும் பல் மிஞ்சுகிறது.

பல் மருத்துவக் கல்லூரி மாணவர்கள் நோயாளி வாயில் கை வைப்பதற்கு முன், பிடுங்கிய பல்லில்தான் வேர் சிகிச்சை பழகுகிறார்கள். அந்தப் பல் ரத்தமும் கிருமியும் பட்ட பொருள். சுத்தம் செய்து, கிருமி நீக்கித்தான் கையில் எடுக்க வேண்டும். அமால்கம் அடைத்த பல்லைச் சூடாக்கினால் பாதரச ஆவி கிளம்பும் என்பதால் அதற்குத் தனி முறை. தேவைப்படாத பல் 2016 மருத்துவக் கழிவு விதிகளின்படி போக வேண்டும், குப்பைக் கூடைக்கு இல்லை. உங்கள் பல் ஆய்வுக்குப் போவதாக இருந்தால் உங்களிடம் சம்மதம் கேட்க வேண்டும். வீட்டுக்குக் கேட்டு வாங்கிக்கொண்டாலும் தவறில்லை.

பால்பல்லின் உள்சதையில் ஸ்டெம் செல்கள் இருப்பதை 2003-இல் சோங்டாவ் ஷி குழு அறிவித்தது. பிரேசிலின் சாவ் பாவ்லோவில், பிளவுள்ள குழந்தைகளின் சொந்தப் பால்பல்லிலிருந்து செல்லை வளர்த்து, ஈறு எலும்புப் பள்ளத்தை நிரப்பிப் பார்த்திருக்கிறார்கள். இடுப்பைக் கீற வேண்டியதில்லை என்பது பெரிய ஆறுதல். ஆனால் அது இன்னும் ஆராய்ச்சிக் கட்டத்தில்தான் இருக்கிறது. ‘பல்லைச் சேமித்து வையுங்கள், பிற்காலத்துக்கு உதவும்’ என்று யாராவது பணம் கேட்டால், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதலைச் சொல்லுங்கள். தொப்புள்கொடி ரத்தம் தவிர, பல் உட்பட வேறெதையும் அப்படிச் சேமிக்க அதில் அனுமதி இல்லை. இப்போதைக்கு எலும்பு இடுப்பிலிருந்துதான் வரும். அதை வைக்கும் பள்ளத்துக்குப் பக்கத்துப் பற்களில் சொத்தையும் சீழும் இருந்தால், முதலில் அதைச் சரிசெய்துவிட்டு வரச் சொல்லி அறுவைத் தேதியைத் தள்ளிப்போடுவார்கள். கோரைப்பல் அதுவரை காத்திருக்காது.